காப்பிச் சக்கை: ஈரத்தோடு வேண்டாம், முகத்துக்கும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் சென்ற இதழின் அழகுக் குறிப்புப் பகுதியில், ஃபில்டரில் மிஞ்சும் காப்பிச் சக்கையைத் தயிரும் தேனும் விட்டுக் குழைத்து முகத்தில் தேய்க்கலாம், மிச்சத்தைப் புட்டியில் அடைத்து ஃபிரிட்ஜில் ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று வெளியாகியிருந்தது. குப்பைக்குப் போகும் பொருளைப் பயன்படுத்தச் சொன்னதை மனதார வரவேற்கிறேன். அமெரிக்கா 2015இலும் பிரிட்டன் 2018இலும் கழுவி விடும் அழகுப் பொருள்களில் தேய்ப்பதற்காகச் சேர்க்கும் பிளாஸ்டிக் நுண்மணிகளுக்குத் தடை கொண்டுவந்த பிறகு, அந்த இடத்துக்கு வந்த இயற்கைத் துகள்களில் காப்பிச் சக்கையும் ஒன்று. ஆனால் அந்தச் செய்முறையை அப்படியே செய்தால் தோலுக்குக் கேடுதான் வரும்.

முதல் கோளாறு ஈரம். டிகாக்‌ஷன் இறங்கியபின் ஃபில்டரில் தங்கும் சக்கையின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு தண்ணீர். கொதிநீர் பட்டதால் கிருமிகள் செத்திருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் பேசில்லஸ் வகை பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரையும் தாங்கும். சக்கை ஆறும்போது காற்றிலிருந்து பூஞ்சை வித்துகளும் வந்து விழும். மூடிய டப்பாவில் வைத்தால் நம் ஊர் வெக்கையில் மறுநாளே புளிப்பு வாடை தட்டும், அடுத்த சில நாளில் வெண்பஞ்சாகப் பூசணம் பூக்கும். ஃபிரிட்ஜ் இதைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. தேன் கெடாத பொருள் என்பது உண்மை, ஆனால் தண்ணீர் கலந்து நீர்த்துவிட்டால் அதன் காக்கும் தன்மை போய்விடும். தயிரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சக்கையின் தரம் ஃபில்டரிலிருந்து எடுத்த முதல் சில மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. பிறகு எந்த எண்ணெயைச் சேர்த்தாலும் கெட்டது கெட்டதுதான்.

அன்றன்றைக்கே உலர்த்த வேண்டும். சக்கையை மெல்லிய துணியில் கட்டிப் பிழிந்து, எவர்சில்வர் தட்டில் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். ஓவன் இருந்தால் 70 முதல் 80 டிகிரி வெப்பத்தில் மூன்று, நான்கு மணி நேரம் வைத்து, அரைமணிக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். கிளறாவிட்டால் மேலே ஓடு போல இறுகி உள்ளே ஈரம் நிற்கும். வாணலியில் வறுப்பது கூடாது. அடி தீய்ந்து, துகளிலுள்ள எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் மெல்லிய துணி மூடிக் காயவைக்கலாம், ஐப்பசி கார்த்திகையில் அது நடக்காது. காய்ந்துவிட்டதா என்பதைத் தராசில் பாருங்கள். 100 கிராம் ஈரச் சக்கை 40 கிராம் அளவுக்கு வற்றும். ஒரு மணி நேர இடைவெளியில் இருமுறை தராசில் வைத்தும் எடை மாறாமல் இருந்தால் போதும். ஆறிய தூளைக் கண்ணாடிப் புட்டியில் மூடி வெயிலில் வைத்துப் பாருங்கள், உள்சுவரில் ஆவி படிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

தங்கள் குறிப்பில் சிக்கரியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். காப்பி-சிக்கரி கலவையில் சிக்கரி 49 விழுக்காடு வரை இருக்க நம் உணவுச் சட்டம் இடம் தருகிறது. அளவைப் பாக்கெட்டில் அச்சிட்டிருப்பார்கள். சிக்கரி வறுத்த கிழங்கு. அது ஊறி மெத்தென்று ஆகித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், பிசுக்கோடு கட்டி தட்டும், காய மறுக்கும். காப்பிக்கொட்டையில் உள்ள எண்ணெய் அதில் கிடையாது. பாக்கெட் கையில் இல்லையென்றால், காய்ச்சாத தூளைக் குளிர்ந்த நீரின்மேல் தூவுங்கள்: காப்பித்தூள் மிதக்கும், சிக்கரி பழுப்புக் கோடு விட்டுக்கொண்டே மூழ்கும். கலவைத்தூள் சக்கை இந்த வேலைக்கு ஆகாது, செடிக்குப் போடுங்கள்.

அடுத்தது முகம். வறுத்த கொட்டை உடையும்போது துகளுக்குக் கூரிய விளிம்பு வரும். முகத்தோல் மெல்லியது; பரு உள்ளவர்கள் இதைத் தேய்த்தால் கீறல் வழியே அழற்சி பரவும். என் கருத்தில் முகத்துக்குக் காப்பிச் சக்கை கூடவே கூடாது. முழங்கை, முழங்கால், குதிகாலுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதற்கும் சலித்தாக வேண்டும். 30 மெஷ் சல்லடையில் இறங்கி 60 மெஷ் சல்லடையில் நிற்கும் தூள், அதாவது கால் மில்லிமீட்டரிலிருந்து 0.6 மில்லிமீட்டர் வரை உள்ளது, உடம்புக்குச் சரியான அளவு.

வீட்டில் செய்பவர்கள் எண்ணெயில் கலந்து புட்டியில் வைக்காமல், காய்ந்த தூளாகவே வைத்துக்கொள்வது நல்லது. குளிக்கப் போகும்போது ஒரு தேக்கரண்டித் தூளை அதே அளவு நல்லெண்ணெயில் குழைத்தால் வேலை முடிந்தது. எண்ணெயில் கலந்து வைத்தால் தண்ணீர் இல்லையே, கெடாதே என்று தோன்றும். குளியலறையில் ஈரக்கை புட்டிக்குள் போகும், அங்கிருந்து கெடத் தொடங்கும். வைட்டமின் ஈ எண்ணெய் சிக்குப் பிடிப்பதைத் தாமதப்படுத்தும், கிருமியைத் தடுக்காது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத செய்முறை இணையத்தில் அரிது. விற்பனைக்குச் செய்பவர்கள் பீனாக்ஸிஎத்தனால் போன்ற, கிருமியைத் தடுக்கும் பாதுகாப்பானைச் சேர்க்க வேண்டும், அதன் அளவு 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இன்னொன்று: எண்ணெயும் சக்கையும் சேர்ந்தால் தரை வழுக்கும், சாக்கடைக் குழாயும் அடைக்கும். கழுவும் இடத்தில் வலை போடுங்கள்.

சோப்பில் சேர்ப்பவர்கள் 500 கிராம் எண்ணெய்க்கு 10 கிராம் தூளோடு நிறுத்திக்கொள்ளலாம். கலவை தோசை மாவு பதத்துக்கு வந்தபின் போட வேண்டும். நீர்த்திருக்கும்போது போட்டால் அடியில் தங்கிவிடும். ஈரத்தூள் போட்டால் கட்டியில் புள்ளி விழும். சோப்பின் காரத்தில் காப்பியில் உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பானான குளோரோஜெனிக் அமிலம் சிதைந்துவிடுவதால், கிடைப்பது சொரசொரப்பு மட்டுமே.

கண்ணுக்குக் கீழ் உள்ள கருவளையத்தைச் சக்கையிலுள்ள கஃபீன் போக்கும் என்றும் எழுதியிருந்தது. கஃபீன் வெந்நீரில் நன்றாகக் கரையும், எண்ணெயில் மிகக் குறைவாகவே கரையும். அதன் பெரும்பகுதி டிகாக்‌ஷனோடு போய்விட்டது. மிச்சத்தைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து எடுக்க முடியாது. அப்படி ஊறவைப்பதில் மணமும் நிறமும் இறங்கும், அதைக் காப்பி எண்ணெய் என்று விற்பது சரியல்ல.

உண்மையான காப்பி எண்ணெய் வேறு. காய்ந்த சக்கையில் 10 முதல் 15 விழுக்காடு வரை எண்ணெய் உண்டு, ரோபஸ்டா வகைக் காப்பியைவிட அரபிகா வகையில் கூடுதல். லினோலியிக், பால்மிட்டிக் என்ற கொழுப்பு அமிலங்கள் மிகுந்த, தோலுக்கு இதமான எண்ணெய் அது. செக்கில் ஆட்டிப் பயனில்லை, நுண்துளை மிகுந்த துகளே அதைப் பிடித்துக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடை 31 டிகிரிக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோய், வாயுவுமில்லாத திரவமுமில்லாத நிலையில் சக்கைக்குள் செலுத்தி எண்ணெயைக் கரைத்தெடுக்கிறார்கள். கோபன்ஹேகனில் 2016இல் தொடங்கிய காஃபே புவேனோ, இந்த வழியில் எண்ணெய் எடுத்த நிறுவனம். அதனோடு சேர்ந்து, வாசனை, அழகுசாதன மூலப்பொருள் செய்யும் சுவிஸ் நிறுவனமான ஜிவோடான் 2019இல் இந்த எண்ணெயை அழகுசாதன மூலப்பொருளாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அங்கும் உலர்த்துவதே முதல் வேலை. ஈரத்தில் கிடந்த சக்கையில் பூஞ்சையின் நொதிகள் எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துவிடும், பிறகு எடுக்கும் எண்ணெய் காரல் அடிக்கும்.

நம் ஊர் ஹோட்டல்களில் இதற்கு வாய்ப்பு இருக்கிறது. ஒரு கிலோ தூளில் காப்பி இறக்கினால் இரண்டு கிலோ அளவுக்கு ஈரச் சக்கையும், உலர்த்தினால் சுமார் 800 கிராமும் கிடைக்கும். சிக்கரி சேர்க்காத, பாலும் சர்க்கரையும் படாத ஃபில்டர் சக்கையைத் தனி வாளியில் போட்டு, காலை வியாபாரம் முடிந்ததும் எடுத்துப்போக ஆள் இருந்தால் மகளிர் குழுக்கள் தாராளமாக இதில் இறங்கலாம். விற்பதென்றால் 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி மாநில உரிமம் வேண்டும். லேபிளில் தொகுதி (பேட்ச்) எண்ணும் பயன்படுத்தும் கெடுவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியையும் கிருமிச் சோதனைக்கு அனுப்புங்கள். சோதனையில் வளரும் நுண்ணுயிர்க் கூட்டங்களின் எண்ணிக்கை கிராமுக்கு 1000ஐத் தாண்டினால் அந்தத் தொகுதியை விற்கக் கூடாது.

தங்கள் செய்முறையை வெட்டி வைத்திருக்கும் வாசகர்கள் பலர் இருப்பார்கள். தயிர், தேன் கலவையையும் முகத்தில் தேய்ப்பதையும் விலக்கச் சொல்லி, அடுத்த இதழில் அதே பகுதியில் திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அழகுசாதன மூலப்பொருள் துறையில் உள்ள வாசகர்,
கோயம்புத்தூர்.