எக்ஸ்எம்எல் பக்கங்களுக்குப் பிரவுசரை நம்பாதீர்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். எக்ஸ்எம்எல் (விவரங்களைக் குறிச்சொற்களுக்குள் எழுதும் கோப்பு வடிவம்) தரவை வலைப்பக்கமாக மாற்றும் வேலையைப் பிரவுசரிடமே விட்டால் சர்வரின் சுமை குறையும் என்று தங்கள் தொழில்நுட்பப் பக்கக் கட்டுரை சொல்கிறது. சுமை குறைவது உண்மைதான். ஆனால் இன்று அதைக் கேட்டுப் புதிதாகத் தளம் கட்டுபவர் மாட்டிக்கொள்வார். இந்த மாற்றத்தைச் செய்யப் பிரவுசருக்குள் இருக்கும் எக்ஸ்எஸ்எல்டி என்ற வசதியை 2026 இறுதியில் நிறுத்தும் திட்டத்தை குரோம் குழு 2025இலேயே அறிவித்துவிட்டது. அதை இயக்கும் லிப்எக்ஸ்எஸ்எல்டி, சி மொழியில் எழுதிய பழைய நிரல். நினைவகப் பிழைகளால் பாதுகாப்பு ஓட்டைகள் விழுந்தபடியே இருந்தன.

நிறுத்தாவிட்டாலும் பிரவுசர்களுக்குத் தெரிந்தது 1999இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 1.0 பதிப்பு மட்டும். ஆயிரம் பதிவில் இருபதைக் காட்டினாலும் ஆயிரமும் வாசகரின் போனில் இறங்கும். காட்டாமல் விட்ட விவரங்களையும் 'வியூ சோர்ஸ்' போட்டவர் படித்துவிடுவார். எப்படி மாற்றவேண்டும் என்று சொல்லும் ஸ்டைல்ஷீட் கோப்பு வேறு டொமைனில் இருந்தால் பக்கமே வராது.

அதனால் மாற்றத்தைச் சர்வரிலேயே செய்வது நல்லது. அதற்காக ஒவ்வொருவர் வரும்போதும் மாற்றவேண்டும் என்பதில்லை. எக்ஸ்எம்எல் மாறும்போது எக்ஸ்எஸ்எல்டிபிராக் என்ற மாற்றும் கருவியின் கட்டளையை ஒருமுறை ஓட்டி, கிடைக்கும் எச்டிஎம்எல்லைக் கோப்பாக வைத்தால் போதும். அதைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்தபின் பெயரை மாற்றுங்கள். பழைய கோப்பின் மேலேயே எழுதினால், அந்த நொடியில் வருபவருக்குப் பாதிப் பக்கம்தான் கிடைக்கும். தேடல் முடிவுபோல உடனுக்குடன் மாற்றவேண்டிய இடங்களில், ஜாவாக்காரர்கள் ஸ்டைல்ஷீட்டை ஒருமுறை 'டெம்ப்ளேட்ஸ்' ஆகத் தொகுத்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளலாம். அதை எத்தனை த்ரெட்டும் (சர்வரில் ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்) பகிரலாம். அதிலிருந்து எடுக்கும், மாற்றத்தைச் செய்யும் 'டிரான்ஸ்ஃபார்மர்' மட்டும் த்ரெட்டுக்கு ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்றையே பகிர்ந்தால் ஒருவர் தேடியது இன்னொருவர் திரையில் வரக்கூடும். இந்தப் பிழை சோதனையில் சிக்காது, கூட்டம் கூடும் நாளில்தான் தெரியும்.

தமிழ்த் தளங்களில் இன்னொன்று கவனிக்கவேண்டும். ஸ்டைல்ஷீட்டின் அவுட்புட் வரியில் என்கோடிங் (எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறை) யூடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் எக்ஸ்எஸ்எல்டிபிராக் கருவியின் சில பதிப்புகள் 'த' என்ற எழுத்தை த என்று எண்ணாக்கி வைக்கும். 'தமிழ்' என்ற சொல் யூடிஎஃப்-8இல் 15 பைட், எண்ணானால் 35. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால் பக்கம் ஏன் கனக்கிறது என்று யாருக்கும் பிடிபடாது.

இப்படிக்கு,
வலைத்தள நிரலாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்