பின்பாரம் கூடிய ட்ரெயிலர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த வாரம் உங்கள் பத்திரிகையின் பயணப் பக்கத்தில் வந்த ஒரு படத்தைப் பற்றி எழுதுகிறேன். ஒன்ராறியோவின் சாண்ட்பாங்ஸ் பூங்காவில் ஒரு தமிழ்க் குடும்பம் நிற்கிறது. பின்னால் அவர்களுடைய ட்ரெயிலர், வாகனத்தில் கொழுவி இழுத்துப் போய்த் தங்கும் வகை. அதன் பின் பம்பரில் ஒரு தட்டைப் பூட்டி, குறுக்காக ஒரு மோட்டார் சைக்கிளை ஏற்றிக் கட்டியிருக்கிறார்கள். நல்ல யோசனை, மற்றவர்களும் செய்து பார்க்கலாம் என்ற மாதிரிக் கீழே இரண்டு வரி போட்டிருந்தீர்கள். அந்தப் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்த பிறகு எனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. விக்ரோறியா நாள் விடுமுறை வருகிறது. கனபேர் ட்ரெயிலரைக் கொழுவிக்கொண்டு வெளிக்கிடப் போகிறார்கள். அதற்கு முன் இதைத் தயவுசெய்து போட்டுவிடுங்கள்.

நான் 24 வருடம் பாரவூர்தி ஓட்டி ஓய்வு பெற்றவன். 53 அடி ட்ரெயிலருடன் 401 நெடுஞ்சாலையை வின்ட்சரிலிருந்து கியூபெக் எல்லை வரை எத்தனை தரம் போய் வந்திருப்பேன் என்று கணக்கில்லை. பாரம் எங்கே இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அப்படியிருந்தும் நான் அதே பிழையைச் செய்தேன். என் மனைவியும் பிள்ளைகள் இருவரும் அதே வாகனத்தில் இருந்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன், ஜூலை மாதம். பாரி சவுண்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கில்பெயர் பூங்காவில் ஐந்து நாளுக்கு இடம் எடுத்திருந்தோம். மகன் ஹொண்டா ரெபெல் 300 மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கிய புதிது. அதையும் கொண்டு போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். எங்கள் பிக்கப்பின் பெட்டி ஐந்தரை அடிதான். ஜெனரேற்றர், சைக்கிள்கள், ஐஸ் பெட்டி எல்லாம் ஏற்றினால் வேறொன்றுக்கும் இடமில்லை. ட்ரெயிலர் சாமான் விற்கும் ஒரு கடையில் கேட்டோம். பம்பரில் பூட்டும் இரண்டு அங்குல ஹிச்சும், அதாவது கொழுவும் பொருத்தியும், அதில் செருகும் தட்டும் எடுத்துத் தந்தார்கள். தட்டின் பெட்டியில் 500 இறாத்தல் தாங்கும் என்று போட்டிருந்தது. ரெபெல் சுமார் 165 கிலோ, அதாவது 365 இறாத்தல். தட்டு 45 கிலோ. ட்ரெயிலரின் ஸ்ரிக்கரையும் பார்த்தேன். அனுமதித்த மொத்த எடை 2,950 கிலோ. எங்கள் சாமான்களோடு ட்ரெயிலர் 2,500 கிலோ, இந்த 210-ஐயும் சேர்த்தால் 2,710. இன்னும் 240 கிலோ மிச்சம் இருக்கிறது, சரி, பிரச்சினையில்லை என்று நினைத்தேன்.

அங்கேதான் பிழை விட்டேன். மொத்த எடையைப் பார்த்தேனே தவிர, அது எந்த இடத்தில் ஏறுகிறது என்று பார்க்கவில்லை.

என் அப்பு சாவகச்சேரிச் சந்தைக்கு வண்டில் ஓட்டியவர். தேங்காயோ மரக்கறியோ ஏற்றி முடித்து, மாட்டைப் பூட்ட முன் நுகத்தை ஒருதரம் கையால் தூக்கிப் பார்ப்பார். கை லேசாக மேலே போனால் "பின்பாரம்" என்று சொல்லி, இரண்டு சாக்கை முன்னுக்கு இழுத்துப் போடுவார். மாட்டின் கழுத்தில் அளவான முன்பாரம் இறங்கினால்தான் வண்டில் ஒழுங்காக வரும். பின்பாரம் கூடினால் நுகம் எழும்பி, கழுத்துக் கயிறு மாட்டை நெரிக்கும். சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்தது. வீட்டு வாசலில் ட்ரெயிலரைக் கொழுவும்போது அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பிக்கப்பின் பின்னால் உருண்டையில் கொழுவும் ட்ரெயிலருக்கு, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அந்த உருண்டையில் இறங்க வேண்டும். எங்களுக்கு அது 310 கிலோ இருந்தது. 12 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். நல்ல முன்பாரம். மோட்டார் சைக்கிளை வைத்த இடமோ அச்சுகளின் நடுவிலிருந்து 3 மீற்றர் பின்னால். உருண்டை அச்சிலிருந்து நாலரை மீற்றர் முன்னால். கிணற்றுத் துலா மாதிரித்தான் கணக்கு. பின்னால் 210 கிலோவை வைத்தால் அது முன்னால் 140 கிலோவைத் தூக்கிவிடும். 310-இல் 140 போக 170. மொத்த எடை 2,710 ஆகிவிட்டபடியால், முன்பாரம் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேலே வந்து நிற்கிறது. மோட்டார் சைக்கிளும் தட்டும் 210, உருண்டையிலிருந்து எழும்பிய 140, ஆக 350 கிலோ அச்சுகளில் கூடுதலாக ஏறிவிட்டது. இதையெல்லாம் நான் அளவுநாடா பிடித்துக் கணக்குப் போட்டது பயணம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு.

பெரி நகரம் வரை ஒன்றும் தெரியவில்லை. 400 நெடுஞ்சாலையில் போர்ட் செவர்ன் தாண்டி, இரண்டு பக்கமும் பாறை வெட்டிய இடத்தில், ஓர் இறக்கம். 100-இல் போய்க்கொண்டிருந்தேன். இடது பக்கத்தால் ஒரு பெரிய பாரவூர்தி எங்களைக் கடந்தது. அதன் காற்று ட்ரெயிலரை ஒரு தள்ளுத் தள்ளியது. வழக்கமாக ஒருதரம் அசைந்துவிட்டு நிற்கும். அன்றைக்கு நிற்கவில்லை. இடது, வலது, மறுபடி இடது. ஒவ்வொரு தரமும் முந்தினதைவிடக் கூட. மூன்றாம் தரம் பிக்கப்பின் பின்சில்லுகளையே பக்கத்துக்கு இழுத்தது. பக்கக் கண்ணாடியில் ட்ரெயிலரின் சுவர் முழுவதும் தெரிந்தது, ஜன்னல்களோடு. நேராக வரும் ட்ரெயிலரில் அது தெரியவே கூடாது. மனைவி ஒரு சத்தமும் போடவில்லை, கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் யாருக்கும் கால் பிரேக்குக்குத்தான் போகும். போகக் கூடாது. பிக்கப் மெதுவாகும்போது ஆடிக்கொண்டிருக்கும் ட்ரெயிலர் அதைப் பின்னாலிருந்து தள்ளி, அப்படியே மடக்கிவிடும். வேகத்தைக் கூட்டி இழுத்து நேராக்கலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதையும் செய்யாதீர்கள், வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடும். காலை எடுத்துவிட்டு, ஸ்ரியரிங்கை அங்குமிங்கும் வெட்டாமல் நேராகப் பிடித்தபடி, ட்ரெயிலர் பிரேக்கின் சின்னத் தடியைக் கையால் தள்ளினேன். அது ட்ரெயிலரின் சில்லுகளை மட்டும் பிடிக்கும். பின்னாலிருந்து கயிறு போட்டு இழுத்த மாதிரி ஓர் இழுவை, ட்ரெயிலர் நேரானது. 70-க்கு வந்ததும் ஆட்டம் நின்றது. எல்லாம் ஏழெட்டு வினாடிதான். பாரவூர்தியில் பழகின கை தானாகப் போனது. அந்தத் தடி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் ட்ரெயிலர் இழுக்கும் எத்தனையோ பேரை நான் சந்தித்திருக்கிறேன்.

அடுத்த எக்ஸிற்றில் இறங்கி நிறுத்திவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். பம்பர் என்று நாங்கள் சொல்வது நாலு அங்குலச் சதுரக் குழாய். உள்ளே வெறுமை. கழிவுநீர்க் குழாயைச் சுருட்டி வைக்கத்தான் அந்த இடம். தகடு ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குகூடத் தடிப்பு இல்லை. அது கீழ்நோக்கித் திருகியிருந்தது. இடது பக்கம் சட்டத்தோடு பற்றவைத்த இடத்தில் கறுப்பு வர்ணம் உரிந்து, தலைமயிர் அகலத்தில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. விரலால் தடவினேன், நகம் உள்ளே இறங்கியது. பம்பரின் பிளாஸ்ரிக் மூடி வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. கழிவுநீர்க் குழாய் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிளைக் கட்டிய நாலு பட்டிகளில் இரண்டு தளர்ந்து போயிருந்தன. ட்ரெயிலரின் வால்பக்கம் ஒவ்வொரு குழிக்கும் குதிக்க, முன் ஃபோர்க் அமுங்கி அமுங்கி எழும்ப, பட்டி கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கியிருக்கிறது. இன்னும் அரை மணித்தியாலம் ஓடியிருந்தால் அந்த 165 கிலோ எங்களுக்குப் பின்னால் வந்த யாரோ ஒருவரின் முன் கண்ணாடியில் போய் விழுந்திருக்கும். எங்களுக்கு நடக்கவிருந்ததைவிட அதை நினைக்கத்தான் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

மகன் ஒன்றும் கதைக்காமல் மோட்டார் சைக்கிளை இறக்கினான். தட்டைக் கழற்றிப் பிக்கப்பில் சைக்கிள்களுக்கு மேலே போட்டோம். மிச்ச வழிக்கு அவன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓட்டிப் போனான். கில்பெயர் வரை இன்னும் எத்தனையோ பாரவூர்திகள் எங்களைக் கடந்தன. ட்ரெயிலர் ஒருதரம்கூட ஆடவில்லை.

இதை நண்பர்களிடம் சொன்னபோது, பம்பரை விட்டுவிட்டுச் சட்டத்திலேயே ஹிச்சைப் பற்றவைத்தால் முடிந்ததுதானே என்று கேட்டார்கள். பம்பர் உடையாது, உண்மை. பாரம் நிற்கும் இடம் மாறவில்லையே. அதோடு, பிக்கப்பின் பின்னால் 500 இறாத்தல் தாங்கும் தட்டு ட்ரெயிலரின் பின்னால் அதே அளவைத் தாங்கும் என்று எண்ண வேண்டாம். அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் அந்த வால் மேலும் கீழும் அடிக்கிற அடி வேறு. சைக்கிள் தட்டுச் செய்பவர்களே பலர், ட்ரெயிலரின் பின்னால் இதைப் பூட்டக் கூடாது என்று கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எடையைப் பகிரும் ஸ்பிரிங் கம்பி ஹிச் எங்களிடமும் இருந்தது. அது இருக்கிற முன்பாரத்தைப் பங்கு போடும், இல்லாத முன்பாரத்தை உண்டாக்காது.

சரி, மோட்டார் சைக்கிளைப் பிக்கப்பிலேயே ஏற்றினால்? பாரத்துக்கு அது நல்ல இடம்தான். ஆனால் சாரதிக் கதவைத் திறந்து அந்த மஞ்சள் ஸ்ரிக்கரைப் பாருங்கள். ஆட்களும் சாமானும் சேர்த்து இவ்வளவுதான் என்று போட்டிருக்கும். எங்கள் பிக்கப்புக்கு 720 கிலோ. உருண்டையில் இறங்கும் 310 கிலோவும் இந்தக் கணக்குக்குள்தான் வரும், கனபேருக்கு இது தெரியாது. ஹிச் 40, நாங்கள் நாலு பேர் 280. 630 ஆகிவிட்டது. மோட்டார் சைக்கிளை ஏற்றினால் 795. அந்த வருடம் நான் எந்தப் பக்கத்தால் கணக்குப் போட்டிருந்தாலும் ரெபெல் ஏறியிருக்காது. உண்மையாகவே கொண்டு போக வேண்டுமென்றால் பெரிய பிக்கப் வேண்டும், அல்லது டோய் ஹோலர் என்று விற்கும் ட்ரெயிலர். அதில் பின்சுவரே சாய்ந்து ஏற்றுப்பலகையாகும், மோட்டார் சைக்கிளுக்கு உள்ளேயே அறை இருக்கும். அந்தப் பாரத்தை எண்ணித்தான் அச்சை வைத்திருப்பார்கள். விலை கூடத்தான். எங்கள் வீட்டில் இப்போது மகன் தனியாக ஓட்டி வந்து பூங்காவில் சேர்ந்துகொள்கிறான். அவனுக்கும் அதுதான் விருப்பம்.

உங்கள் படத்தை இன்னொருதரம் எடுத்துப் பாருங்கள். மோட்டார் சைக்கிளின் பின்சில்லு ட்ரெயிலரின் இடது விளக்கை மறைத்துக்கொண்டு நிற்கிறது. இலக்கத்தகடு தெரியவே இல்லை. அந்தக் குடும்பத்தினர் திரும்பும்போது பின்னால் வருபவருக்கு அவர்களுடைய சிக்னல் தெரிந்திருக்காது. பொலிஸ் மறித்தால் அதற்கே ரிக்கற் எழுதலாம்.

முன்பாரத்தை அறிய விலை கூடிய கருவி ஒன்றும் வேண்டாம். 401 ஓரத்தில் பாரவூர்திகள் எரிபொருள் நிரப்பும் சில இடங்களில் எடை மேடை உண்டு, சிறிய கட்டணம்தான். வழமையாகக் கொண்டு போகும் சாமானை எல்லாம் ஏற்றி, ட்ரெயிலரைக் கொழுவியபடி, பிக்கப்பின் சில்லுகள் மட்டும் மேடையில் நிற்க ஒருதரம் நிறுங்கள். ஸ்பிரிங் கம்பியைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும். பிறகு ட்ரெயிலரைக் கழற்றி, பிக்கப்பை மட்டும் நிறுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உருண்டையில் இறங்கும் பாரம்.

படத்தில் இருக்கும் குடும்பத்தின் பெயரை நீங்கள் போடவில்லை. உங்கள் அலுவலகத்தில் அவர்களுடைய தொலைபேசி இலக்கம் இருக்கும். இந்தக் கடிதம் அச்சில் வரும் வரை காத்திருக்காமல் இன்றைக்கே அவர்களை அழைத்து, பம்பரின் இரண்டு பக்கமும் பற்றவைத்த இடத்தைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். வர்ணம் உரிந்திருந்தால் மோட்டார் சைக்கிளை உடனே இறக்க வேண்டும். என்னுடைய இலக்கத்தையும் அவர்களுக்குக் கொடுங்கள். சனிக்கிழமை காலைகளில் நான் வீட்டில்தான் இருப்பேன், எடை மேடைக்கு அவர்களோடு நானே கூட வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாரவூர்திச் சாரதி ஒருவர்,
ஸ்காபரோ