கிளாவன் பெயரைக் கேலிக்கு எடுப்பவர்களுக்கு: லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள லிவர்பூல் ரசிகர்களுக்கு,

வணக்கம். தமிழில் கால்பந்து பேசுகிற, எழுதுகிற, நள்ளிரவு ஆட்டம் பார்த்துவிட்டு மறுநாள் வேலையில் கண் எரிய உட்கார்ந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும்தான் இந்த மடல். நானும் அதே கூட்டம்தான். அதனால் கொஞ்சம் உரிமையோடு சண்டை போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லிவர்பூலின் பெரிய விலைத் தடுப்பாட்டக்காரர் வான் டைக் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம் ஆட்கள் ஒரு வசனம் பேசுவார்கள். "அவர் வருவதற்கு முன்னால் கிளாவனை வைத்து ஓட்டிய அணி இது." உடனே நாலு பேர் சிரிப்பார்கள். அதற்கு முன்னால் 2016இல் நம் தடுப்புக்கு வந்த ரக்னர் கிளாவன் என்றால் வறுமைக் காலத்தில் கிடைத்த மாற்றுச் சட்டை என்பது போல ஆகிவிட்டது. வான் டைக்கின் பெருமையை ஏற்றிச் சொல்ல இன்னொருவரைத் தரையில் போட்டு மிதிக்கத்தான் வேண்டுமா? அதிலும் இந்த ஆளையா?

கிளாவன் 1985 அக்டோபரில் எஸ்டோனியாவின் வில்யாண்டியில் பிறந்தவர். ஏரிக்கரையில், பழைய கோட்டை இடிபாடுகளோடு இருக்கும் சின்ன ஊர். அப்பா டிசின்டர் கிளாவனும் எஸ்டோனியத் தேசிய அணிக்கு ஆடியவர். நாட்டின் மொத்த மக்கள்தொகை 13 லட்சத்துச் சொச்சம். லிவர்பூலையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்த மெர்சிசைடு பகுதியில் அதைவிடக் கொஞ்சம் அதிகம் பேர் இருக்கிறார்கள். சோவியத் பிடியிலிருந்து விடுபட்டபின் 1992இல்தான் அங்கே தேசிய லீக் தொடங்கியது. குளிரில் தரை உறைந்துவிடும் என்பதால் மார்ச்சில் ஆரம்பித்து நவம்பரில் முடித்துவிடுவார்கள். மொத்தம் பத்து அணிகள்தான். ஒவ்வோர் அணியோடும் நாலு முறை மோத வேண்டும்.

அந்த மாதிரி லீக்கிலிருந்து ஒரு ஸ்ட்ரைக்கர் வெளியே போவது வேறு கதை. இருபது கோல் அடித்தால் ஐந்து நிமிட வீடியோ போதும், எங்கோ ஆள் தேடும் ஒரு ஸ்கவுட் போனை எடுப்பார். நடுவில் நின்று தடுக்கும் சென்டர் பேக் என்ன வீடியோ அனுப்புவார்? சரியான இடத்தில் நின்றதால் எதிரணி அந்தப் பக்கமே பந்தைப் போடவில்லை என்பதையா? தடுப்பாட்டக்காரர் நன்றாக ஆடினால் திரையில் ஒன்றும் நடக்காது. தப்பு செய்தால் மட்டும் பத்துக் கோணத்தில் காட்டுவார்கள். அதனால் சின்ன நாட்டுத் தடுப்பாட்டக்காரர் படிப்படியாகத்தான் ஏற முடியும். ஒவ்வொரு படியிலும் புது மொழி, புது கோச். உள்ளூர்ப் பையனைவிடக் கொஞ்சமாவது மேல் என்று திரும்பத் திரும்ப நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்தை உள்ளூர்ப் பையனுக்கே கொடுத்துவிடுவார்கள்.

கிளாவனின் படிகளைப் பாருங்கள். வில்யாண்டியில் துலெவிக், தலைநகர் டாலினில் புளோரா, நடுவில் நார்வேயின் வோலரெங்காவில் லோன், அதாவது கொஞ்ச நாள் இரவல். 17 வயதிலேயே, 2003இல், தேசிய அணிக்கு ஆடிவிட்டார். 2005இல் நெதர்லாந்தின் ஹெராக்ளஸ் அல்மெலோவுக்குப் போனார். அப்போதுதான் முதல் டிவிஷனுக்கு ஏறியிருந்த கிளப் அது. 2009 தொடக்கத்தில் ஏஇசட் அல்க்மாருக்கு லோன். லூயி வான் கால் கோச்சாக இருந்த அந்த அணி அந்த வருடமே நெதர்லாந்து லீக்கை வென்றது. 1981க்குப் பிறகு அயாக்ஸ், பிஎஸ்வி, ஃபெயனூர்டு மூவரையும் தள்ளிவிட்டு வேறு ஒரு கிளப் கோப்பையைத் தூக்கியது அதுதான் முதல் முறை. வான் கால் பயர்ன் மியூனிக்குக் கிளம்பிவிட்டார். சில மாதங்களில் ஏஇசட்டுக்குப் பணம் போட்டுக்கொண்டிருந்த வங்கி திவாலானது. கிளாவன் அங்கேயே இருந்து 2012 வரை ஆடினார்.

அப்புறம் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். முந்தைய வருடம்தான் முதன்முறையாக ஜெர்மனியின் முதல் லீக்கான புண்டஸ்லீகாவுக்கு ஏறிய கிளப். 2012-13 சீசனின் முதல் பாதியில் மொத்தமே 9 புள்ளி. எல்லோரும் கதை முடிந்தது என்று எழுதிவிட்டார்கள். கடைசி நாளில் தப்பித்தார்கள். அடுத்த சீசனில் எட்டாவது இடம். அதற்கடுத்து 2014-15இல் ஐந்தாவது இடம், கிளப் வரலாற்றிலேயே முதல் முறையாக ஐரோப்பியப் போட்டி. பெரிய பணமோ பெரிய பெயர்களோ இல்லாமல் நடந்தது இது. அந்த நாலு வருடமும் தடுப்பில் கிளாவன் இருந்தார்.

2016 பிப்ரவரியில் யூரோப்பா லீக்கில் அந்த ஆக்ஸ்பர்க்கை யார் சந்தித்தார்கள்? நாம்தான். ஆக்ஸ்பர்க்கில் 0-0. நம் ஆன்ஃபீல்டு மைதானத்தில் 1-0, அதுவும் மில்னரின் பெனால்டி. இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து, அப்போது நம் கோச்சாக இருந்த கிளாப்பின் அணியால் ஓடுகிற ஆட்டத்தில் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. ஐந்து மாதம் கழித்து, ஜூலையில், லிவர்பூல் கிளாவனை வாங்கியது. விலை 4.2 மில்லியன் பவுண்டு என்று செய்திகள் வந்தன. அந்தக் கோடையில் நம் சென்டர் பேக்குகளில் ஷ்கிர்டெல் போய்விட்டார், கோலோ தூரே போய்விட்டார், சாக்கோ கிளாப்பின் கணக்கிலேயே இல்லை, கோமஸ் நீண்ட காயத்தில். வயது முப்பதைத் தாண்டிய, இடது காலில் ஆடும், சத்தம் போடாத ஒரு சென்டர் பேக் தேவைப்பட்டார். நாலாவது ஆளாக வாங்கியவர் முதல் நாளிலேயே ஆட வேண்டியதாயிற்று. இன்னொரு சென்டர் பேக் மாட்டிப்புக்குக் காயம், ஆர்சனல் மைதானத்தில் தடுப்பில் லவ்ரனோடு கிளாவன். 4-3 என்று ஜெயித்தோம். மானேயின் கோலும் கூட்டினியோவின் ஃப்ரீ கிக்கும் ஞாபகம் இருக்கும். மூன்று கோல் வாங்கியதும் இருக்கும், மறுக்கவில்லை.

அந்த 2016 கடைசி மாதங்களை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நவம்பரில் தேசிய அணியோடு பிரஸ்ஸல்ஸ் போனார். ஹசார்ட், மெர்டென்ஸ், லுக்காக்கு ஆடிய பெல்ஜியம் எஸ்டோனியாவை 8-1 என்று அடித்தது. அதில் ஒன்று கிளாவன் தன் வலைக்கே அனுப்பிய கோல். ஒரு தடுப்பாட்டக்காரருக்கு இதைவிட மோசமான மாலை கிடையாது. ஐந்து வாரம் கழித்து, டிசம்பர் 19, எவர்டன் மைதானம். மாட்டிப் இல்லை, கிளாவன் இறங்கினார். மானே இன்ஜுரி டைமில் கோல் போட்டு 1-0. டிசம்பர் 31, ஆன்ஃபீல்டில் குவார்டியோலாவின் மான்செஸ்டர் சிட்டி. விஜ்னால்டம் சீக்கிரமே தலையால் முட்டிப் போட்ட ஒரே கோலை ஆட்டம் முழுக்கக் காப்பாற்ற வேண்டியிருந்தது. நடுவில் அதே லவ்ரனும் கிளாவனும். அன்று சிட்டியின் ஸ்ட்ரைக்கர் அக்வேரோவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. லுக்காக்கு பிரஸ்ஸல்ஸிலும் எவர்டனிலும் எதிரில் நின்றார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எட்டு கோல் வாங்கியவர் எவர்டனிலும் சிட்டிக்கு எதிராகவும் ஒன்றுகூட வாங்காமல் வெளியே வந்தார். அந்த சீசனை 76 புள்ளியோடு நாலாவதாக முடித்துச் சாம்பியன்ஸ் லீக்குக்குத் திரும்பினோம். ஐந்தாவதாக வந்த ஆர்சனலுக்கு 75. ஒரே ஒரு புள்ளி. அந்த டிசம்பரை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

லிவர்பூலுக்காக அவர் போட்ட கோல்கள் இரண்டுதான். முதலாவது 2016 செப்டம்பர் 20, லீக் கோப்பையில் டெர்பி கவுண்டிக்கு எதிராக, பிரைடு பார்க் மைதானத்தில். இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன், ஏனென்றால் இது சொல்லாமல் விட முடியாத சங்கதி. 2003 செப்டம்பர் 20, அதே பிரைடு பார்க். சண்டர்லாந்தின் கோல்கீப்பர் மார்ட் பூம், தன் பழைய கிளப்பான டெர்பிக்கு எதிராக, கடைசி நிமிடத்தில் எதிர்ப் பெட்டிவரை ஓடிவந்து தலையால் முட்டிச் சமன் செய்தார். அவரும் எஸ்டோனியர். பதின்மூன்று வருட இடைவெளியில், அதே தேதி, அதே மைதானம், இரண்டு எஸ்டோனியர்களின் கோல்கள். இப்படியெல்லாம் நடக்கும் என்று யாராவது கதை எழுதினால் நம்ப மாட்டோம்.

இரண்டாவது கோல் 2018 ஜனவரி 1, பர்ன்லி. சலாவும் கூட்டினியோவும் அணியில் இல்லை. மானே முன்னிலை தந்தார், ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் குட்மண்ட்ஸன் சமன் செய்தார். கூட்டம் கொண்டாடிக்கொண்டிருந்தது. 94ஆவது நிமிடம். எம்ரே சான் ஃப்ரீ கிக்கைத் தூரத்துக் கம்பத்துக்குத் தூக்கிப் போட்டார், லவ்ரன் எகிறித் தலையால் கோலை நோக்கித் திருப்பினார். கோட்டுக்குப் பக்கத்தில் கிளாவன். கழுத்தைக் கொஞ்சம் வளைத்துப் பந்தைத் தொட்டு உள்ளே தள்ளினார், அவ்வளவுதான். பிரீமியர் லீக்கில் கோல் போட்ட முதல் எஸ்டோனியர் ஆனார். வான் டைக்கின் 75 மில்லியன் பவுண்டு டிரான்ஸ்ஃபர் அதிகாரப்பூர்வமாக நடைமுறைக்கு வந்ததும் அதே நாளில்தான். அன்று மூன்று புள்ளியை எடுத்துக் கொடுத்தவர் 4.2 மில்லியன்காரர்.

சரி, மோசமான ஆட்டங்களே இல்லையா என்றால், இருக்கின்றன. 2017 ஜனவரியில் ஆன்ஃபீல்டில் ஸ்வான்சியிடம் 3-2 என்று தோற்றது. அதே வருட நவம்பரில் செவியாவில் 3-0 என்று இடைவேளைக்குப் போய் 3-3இல் முடிந்தது. இரண்டிலும் அவர் ஆடினார். வேகமான விங்கர் ஒருவர் பின்னால் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அவரால் துரத்திப் பிடிக்க முடியாது. நான் அவரை இத்தாலியின் மாபெரும் தடுப்பாட்டக்காரர் மால்தினி என்று சொல்லவில்லை. ஆனால் செவியாவில் அன்று ஆடிய மற்றப் பத்துப் பேரின் பெயர் ஏன் கேலிப் பெயராகவில்லை? கிளாவன் பெயர் மட்டும் ஆனதற்கு, அவர் நமக்குத் தெரியாத நாட்டிலிருந்து சல்லிசாக வந்தார் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. பெரிய விலை கொடுத்து வாங்கியவர் தப்பு செய்தால் "ஃபார்ம் இல்லை" என்கிறோம். இவர் செய்தால் "இவ்வளவுதான் இவர்" என்கிறோம்.

2018 மே 26, கீவ் நகரில் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் அவர் பெஞ்சில் இருந்தார், இறங்கவில்லை. அந்தக் கோடையில் இத்தாலியின் கலியாரிக்குப் போனார். லிவர்பூலில் இன்னொரு வருடம் உட்கார்ந்திருந்தால், 2019இல் நாம் சாம்பியன்ஸ் லீக்கை வென்ற மாட்ரிட்டில் கழுத்தில் பதக்கம் விழுந்திருக்கலாம். 32 வயதில் ஆடத்தான் வேண்டும் என்று கிளம்பியவர் இத்தாலியின் முதல் லீக்கான சீரி ஆவில் மூன்று வருடம் ஆடினார். பிறகு ஊருக்குத் திரும்பி எஸ்டோனிய லீக்கிலேயே பைடே, காலேவ் அணிகளுக்கு ஆடினார்.

நாட்டுக்காகச் சுமார் 130 ஆட்டம். 2011இல் எஸ்டோனியா ஒரு பெரிய போட்டிக்கு மிக அருகில் போனது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. யூரோ 2012 தகுதிச் சுற்றில் இத்தாலிக்கு அடுத்து இரண்டாவது, செர்பியாவை முந்திக்கொண்டு. பெல்கிரேடில் செர்பியாவை 3-1 என்று வென்றவர்கள்தான் நடுவில் ஃபாரோ தீவுகளிடம் 2-0 என்று தோற்கவும் செய்தார்கள், அது தனிக் கூத்து. பிளே ஆஃபில் அயர்லாந்து வந்தது. டாலினில் இரண்டு தடுப்பாட்டக்காரர்கள், ஸ்டெபனோவும் பீரோயாவும், சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, 4-0 என்று கதை அங்கேயே முடிந்தது. டப்ளினில் 1-1. அதற்குப் பிறகும் பல வருடம், வாராவாரம் பெரிய லீக்கில் ஆடிவிட்டு, தோற்கப் போகிறோம் என்று தெரிந்தே தேசிய அணிக்கு விமானம் ஏறி வந்தவர் கிளாவன். கேப்டன் பட்டையையும் கட்டிக்கொண்டார்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கிளாப் காலத்தில் சல்லிசாக வாங்கி நன்றாக உழைத்தவர்கள் என்று பட்டியல் போடும்போது, இலவசமாக வந்த மாட்டிப்பையும் 8 மில்லியனுக்கு வந்த ராபர்ட்சனையும் எழுதுகிறீர்களே, நடுவில் 4.2 மில்லியனுக்கு 53 ஆட்டம் ஆடியவரையும் எழுதுங்கள். வான் டைக்கைப் புகழ அவர் பெயரை இழுக்காதீர்கள். வான் டைக்கைப் புகழ வான் டைக்கே போதும்.

இன்னொன்று. வில்யாண்டியிலிருந்து இன்னொரு சென்டர் பேக் இருக்கிறார், கரோல் மெட்ஸ். அவரும் புளோராவிலிருந்து கிளம்பியவர்தான். நார்வே, நெதர்லாந்து, ஸ்வீடன், சவூதி, பல்கேரியா, சுவிட்சர்லாந்து என்று ஒரு சுற்றுச் சுற்றி ஹாம்பர்க்கின் செயின்ட் பவுலிக்கு வந்து, 2024இல் அந்த அணியோடு புண்டஸ்லீகாவுக்கு ஏறினார். இனி ஏதாவது ஒரு கோடையில் நம் அணிக்கு நாலாவது சென்டர் பேக் தேவை என்று பேச்சு அடிபட்டு, அந்த மாதிரி ஒரு பெயர் வந்தால், தேடிப் பார்த்து நாலு ஆட்டம் பார்த்துவிட்டு அப்புறம் திட்டுங்கள். நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்களோடு சேர்ந்தே பர்ன்லி கோலுக்குக் கத்திய ஒரு ரசிகன்