ஏரிக்கரைக் கொழுஞ்சியை விட்டுவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் ஏரிக்கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று பொக்லைனை விட்டு, கரை முழுக்க நின்ற கொழுஞ்சியை வேரோடு வழித்துப் போட்டுவிட்டார்கள். அதுவும் காய் இன்னும் முற்றாத நேரத்தில். ஏரிக்குள் காடாக நிற்கும் சீமைக்கருவேலம் அப்படியே இருக்கிறது, எடுக்க வேண்டியது அதைத்தான்.

வேலூர், அணைக்கட்டு, கணியம்பாடி பக்கமெல்லாம் மலையடிவாரச் சரளையிலும் ரோட்டோரப் புறம்போக்கிலும் பாலாற்றங்கரை மணலிலும் யாரும் விதைக்காமலே வளர்கிற செடி கொழுஞ்சி. முழங்கால் உயரம், ஊதாப் பூ, தட்டையாகக் கொஞ்சம் வளைந்த காய். கொள்ளு, அவரையின் குடும்பம்தான். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் வறட்சியைத் தாங்கும். வேர் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துக் கொடுக்கிறது. மாடு மேயாது என்பதால் காவலும் வேண்டாம். கரை மண்ணைப் பிடித்து வைத்திருப்பதும் இந்த வேர்தான், வழித்துவிட்ட கரை மழை வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டாமா?

நெல் நடவுக்கு முன்னால் கொழுஞ்சித் தழையை அறுத்து வந்து உரமாகச் சேற்றில் மிதிப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம். வயலிலேயே வளர்த்து மடக்கி உழுதால் ஹெக்டேருக்கு 3 முதல் 4 டன் தழை கிடைக்கும். இன்னொரு பசுந்தாள் உரச்செடியான தக்கைப்பூண்டு போல வேகமாக வளராது, சரி, ஆனால் தக்கைப்பூண்டுக்குத் தண்ணீர் வேண்டுமே, வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் மணலாகக் கிடக்கிற பாலாற்றை வைத்துக்கொண்டு ஒரு போகம் நெல் போடுகிறவருக்குக் கொழுஞ்சிதான் தோது. ஒரு தடவை வயலில் நிலைத்துவிட்டால் அப்புறம் விழுந்த விதையிலேயே தானாக முளைக்கும். முதல் தடவை விதைக்கத்தான் மெனக்கெட வேண்டும், விதைத்தோல் மெழுகு படிந்து கெட்டியாக இருப்பதால் மணலோடு சேர்த்துத் தேய்க்க வேண்டும், அல்லது கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுக்க வேண்டும். அந்த விதையைக் காசில்லாமல் பொறுக்குவதற்கு இருக்கும் இடமே இந்தக் கரைகளும் புறம்போக்கும்தான்.

அதனால் ஒன்றிய அலுவலகங்களையும் ஊராட்சிகளையும் கேட்டுக்கொள்கிறேன்: கரை வேலையில் சீமைக்கருவேலத்தையும் பார்த்தீனியத்தையும் தாராளமாக எடுங்கள், கொழுஞ்சிமேல் களைக்கொல்லி அடிக்காதீர்கள், காய் முற்றி வெடித்து விதை விழும்வரை பொறுங்கள். அதற்குப் பிறகும் அறுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் வேரை மண்ணில் விட்டு மேலாக அறுத்து, தழையை அந்த ஏரிப் பாசன விவசாயிகளுக்கே கொடுத்துவிடுங்கள்.

– ஒரு நெல் விவசாயி,
கணியம்பாடி, வேலூர் மாவட்டம்