ஆச்சியின் கட்டிலுக்கு வெள்ளைப் பெயிண்ட் வேண்டாம்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். மாப்பிள்ளையும் பேரனும் நலம்தானே?

இங்கிருந்து ஏற்றிவிட்ட கட்டில், அலமாரி, நிலைக்கண்ணாடி மேசை மூன்றும் சேதமில்லாமல் பெங்களூரு வந்து சேர்ந்ததில் நிம்மதி. ஆனால் எல்லாவற்றையும் தேய்த்து வெள்ளைப் பெயிண்ட் அடிக்கப்போவதாக நீ சொன்னதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கட்டில் வைரம் பாய்ந்த தேக்கு. கால்மாட்டுச் சட்டத்தின் அடியில் டார்ச் அடித்துப் பார். பாலிஷ் படாத அந்த இடத்தில் ரேகை எவ்வளவு நெருக்கமாக ஓடுகிறது, தொட்டால் எப்படி லேசாக எண்ணெய்ப் பிசுக்கு தட்டுகிறது என்று தெரியும். இப்படிப்பட்ட மரத்தைப் பெயிண்டுக்குள் புதைக்க எனக்குச் சம்மதமில்லை. மேலே கறுத்துக் கிடப்பது பல வருட அழுக்கும் மங்கிப்போன பாலிஷும்தான். மரத்துக்கு ஒரு குறையும் இல்லை.

முதலில் துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒட்டப் பிழிந்து துடை. உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிடு. பாதி அழுக்கு அதிலேயே போய்விடும். பிறகு, கண்ணில் படாத ஒரு மூலையில், ஸ்பிரிட்டில் (எரிசாராயம்) நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்துத் தேய். மேற்பரப்பு பிசுபிசுத்து, பஞ்சில் பழுப்பு நிறம் ஏறினால் அது அரக்குப் பாலிஷ். கட்டிலில் இருப்பது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் அது லாக்கர் என்ற வேறு வகைப் பாலிஷ். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் எனக்குச் சொல், வேறு வழி பார்க்கலாம்.

அரக்காக இருந்தால் உனக்கு யோகம். அதைச் சுரண்டி எடுக்கவே வேண்டாம். காய்ந்துபோன அரக்கும் ஸ்பிரிட் பட்டால் மறுபடி கரையும். புதிதாகப் போடும் அரக்கு பழையதோடு கலந்து ஒரே படலமாகிவிடும். இந்தக் காலத்து பி.யு. (பாலியூரிதேன்) பாலிஷுக்கு இந்தக் குணம் கிடையாது. அது கீறினால் ஒட்டுப்போட்டது தெரியும். பெரும்பாலும் முழுவதையும் எடுத்துவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும். புரசிலும் இலந்தையிலும் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின்தான் இந்த அரக்கு. நம் நாட்டில் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் அதிகம் எடுக்கிறார்கள். பல தலைமுறைத் தச்சர்கள் இதை நம்பியதற்குக் காரணம் இருக்கிறது அம்மா.

கடையில் அரக்குச் செதிளாகக் கேட்டு வாங்கு. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்குக் கால் கிலோ போட்டு, கண்ணாடி ஜாடியில் ஓர் இரவு ஊறவிடு. இரும்புப் பாத்திரம் கூடாது, நிறம் கறுக்கும். மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டு. கரைத்ததை மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளாதே. பழசானால் சரியாகக் காயாது, கையில் ஒட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் அடுப்போ ஊதுவத்தியோ எரியக் கூடாது.

பிரஷ் வேண்டாம். பழைய பருத்தி வேட்டித் துண்டுக்குள் பஞ்சை வைத்து, எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி முடிந்துகொள். பஞ்சில் அரக்கை ஊற்றி, துணியின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் தடவு, வழுக்கிப் போவதற்கு. ரேகை ஓடும் திசையில், கை நிற்காமல் இழுக்க வேண்டும். நடுவில் ஒரு கணம் நிறுத்தினாலும் அந்த இடம் கரைந்து தடம் விழும். மெல்லிய பூச்சு, காயவிடு, மறுபடி மெல்லிய பூச்சு. நாலைந்து பூச்சுக்குப் பிறகு 320 நம்பர் உப்புத்தாளால் தொட்டும் தொடாமலும் ஒரு தடவு தடவித் தூசியைத் துடைத்துவிட்டுத் தொடரலாம். மழை நாளில் செய்யாதே. காற்றில் ஈரம் இருந்தால் பாலிஷ் வெண்மை பூத்துவிடும். உங்கள் ஊரில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது, வெயில் நன்றாக அடிக்கும் நாளாகப் பார்த்துக்கொள்.

மேசை விஷயம் வேறு. அதன் பக்கப் பலகைகள் பிளைவுட். மேலே ஒட்டியிருப்பது தாள் போன்ற தேக்குத் தோல். எக்காரணம் கொண்டும் மெஷின் வைத்துத் தேய்க்காதே, ஒரே இழுப்பில் அடிமரம் தெரிந்துவிடும். மேல்பலகைக்கு அரக்கும் ஒத்துவராது. சூடான டம்ளரோ சென்ட் பாட்டிலோ வைத்தால் வெள்ளை வளையம் விழும். அதற்குப் பி.யு. போட்டுக்கொள், நான் மறுக்கவில்லை.

அலமாரியில்தான் எனக்குக் கவலை. அந்தப் பச்சை எனாமல் பெரியப்பா காலத்தில் அடித்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். காய்ந்த பெயிண்டைத் தேய்த்தால் அந்தத் தூசி வீடெல்லாம் படியும். தவழ்கிற பிள்ளை தரையில் கை வைத்து, அதே கையை வாயில் வைப்பான். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே அதை நீ தொடவே தொடாதே. பெயிண்ட் உரியாமல் இருந்தால் அப்படியே விட்டுவை. உரிந்திருந்தால், விவரம் தெரிந்த பட்டறையில் கொடுத்து, ரசாயனம் போட்டு ஈரமாக எடுக்கச் சொல். பணம் நான் அனுப்புகிறேன்.

கட்டில் ஆடுகிறது என்றாயே, ஆணி அடித்துவிடாதே. சட்டமும் காலும் சேரும் இடத்தில் பழைய வஜ்ஜிரம் (தோலைக் காய்ச்சி எடுத்த பசை) விட்டிருக்கும். வெந்நீர்த் துணி சுற்றினால் அது இளகும். கழற்றிச் சுரண்டிவிட்டு, ஃபெவிக்கால் வைத்துக் கயிறு கட்டி ஒரு நாள் முழுவதும் இறுக்கி வை. தலைமாட்டின் பின்பலகை மட்டும் வெள்ளை மரம். அதில் பொடிப்பொடியாக ஓட்டைகள் இருக்கும். கீழே கறுப்புத்தாள் விரித்து இரண்டு வாரம் பார். மாவு போலப் புதிதாக உதிர்ந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது, பலகையையே மாற்றிவிடலாம். உதிரவில்லை என்றால் அது பழைய கதை, பயப்படாதே.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பஞ்சுச் சோதனையைச் செய்து, பஞ்சைப் படமெடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும் வரை உப்புத்தாளை எடுக்காதே.

அன்புடன்,
அப்பா