ஜூன் மாதத்து 39 சதவீதம்

அன்புள்ள நிலாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய கருத்துக்கணிப்பைப் பார்த்தேன். எந்தத் தேர்தலிலும் நிற்காத ஒரு நடிகரையும் ஒரு தொழிலதிபரையும் நேருக்கு நேர் நிறுத்தி, அமெரிக்க ஜனாதிபதியாக யார் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். உன் ஆள் முந்துகிறார் என்றதும் லீவு போட்டுப் பிரசாரத்துக்குப் போகிறேன் என்கிறாய். போகாதே என்று சொல்லமாட்டேன். 1992இல் நான் பார்த்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நானும் அப்பாவும் டாலஸுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்களுக்கு ஓட்டு கிடையாது. ராஸ் பெரோ அந்த ஊர்க்காரர், கம்ப்யூட்டர் தொழிலில் கோடிகள் சேர்த்தவர். பிப்ரவரியில் லாரி கிங்கின் டிவி நிகழ்ச்சியில், 50 மாநிலங்களிலும் மக்களே என் பெயரை வாக்குச்சீட்டில் ஏற்றினால் ஜனாதிபதி தேர்தலில் நிற்கிறேன் என்றார். கீழ் வீட்டு அமெரிக்கப் பாட்டி ஏப்ரலில் மளிகைக்கடை வாசலில் மடக்கு மேஜை போட்டுக் கையெழுத்து வாங்கினார். காகிதம் காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு பீன்ஸ் டப்பா. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

ஜூனில் கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பு வந்தது: பெரோ 39 சதவீதம், அப்போதைய ஜனாதிபதி புஷ் 31, ஜனநாயகக் கட்சியின் கிளிண்டன் 25. பாட்டி அந்தச் செய்தியை வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினார். ஜூலை 16 அன்று பெரோ விலகிவிட்டார். மறுநாள் போனேன். கதவில் காந்தம் மட்டும்தான் இருந்தது.

அக்டோபர் 1 திரும்ப வந்தார். நவம்பரில் 18.9 சதவீதம், ஏறக்குறைய 2 கோடி ஓட்டு. ஆனால் ஜனாதிபதி யார் என்று முடிவு செய்வது மாநிலவாரியான தேர்வாளர் ஓட்டு; அதில் ஒன்றுகூட அவருக்கு இல்லை. அநேகமாக எல்லா மாநிலங்களிலும் முதலில் வருபவருக்கே மொத்தமும் போய்விடும், தெரியும்தானே.

அந்த 39 பொய் என்று நான் நினைக்கவில்லை. மற்ற இரண்டு பேர் மேலும் ஜனங்களுக்குச் சலிப்பு. புதியவரைப் பற்றி அதிகம் தெரியாது, அதனால் அவரவர் ஆசையை அந்தப் பெயர் மேல் ஏற்றி வைத்தார்கள். உன் கணிப்பிலும் அப்படித்தான் இருக்குமோ என்று எனக்குக் கவலை. அதில் இரண்டே பெயர். வாக்குச்சீட்டில் இன்னும் சிலர் இருப்பார்கள். கேட்டது ஓட்டுப் போடப் பதிவு செய்தவர்களிடமா, இல்லை பதிவு செய்யாதவர்களிடமும் கேட்டார்களா, பார். முதலில் உன் ஆள் நிற்கப்போவதாக அவர் வாயாலேயே சொல்லட்டும். அப்புறம் லீவு கேள்.

பாட்டி என்ன செய்தார் என்று கேட்பாய். நவம்பர் 3 காலை ஏழு மணிக்கே வரிசையில் போய் நின்று, பெரோவுக்குத்தான் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்.

அன்புடன்,
அம்மா