வைக்கோலோடு போகிற சத்து

அன்பு மகளுக்கு,

சம்பா நெல்லுக்கு டிஏபி உரம் போட்டாச்சே, பொட்டாஷ் எதற்கு என்று கேட்டிருந்தாய். டிஏபி மூட்டையில் 18-46-0 என்று அச்சிட்டிருப்பான். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாஷ்) மூன்றும் நூற்றுக்கு எவ்வளவு என்ற வரிசை அது. கடைசி சைபர்தான் உனக்குப் பதில்: அதில் சாம்பல் சத்து துளியும் இல்லை.

அந்த 46 மணிச்சத்து. வேர் இறங்கவும், அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளைத்துத் தூர் கட்டவும் இது வேண்டும். குறைந்தால் பயிர் கரும்பச்சையாகக் குட்டையாக நிற்கும், தூர் கட்டாது. மண்ணில் அதிகம் நகராத சத்து என்பதால் முழுவதையும் கடைசி உழவிலேயே அடியுரமாகப் போடச் சொல். ஏக்கருக்கு 20 கிலோ மணிச்சத்துக்கு டிஏபி 44 கிலோ. அதிலேயே 8 கிலோ தழைச்சத்து வந்துவிடும், அந்தத் தழைச்சத்துக்கு ஈடான யூரியாவைக் கழித்துக்கொள். ஜிங்க் சல்பேட்டை இதோடு கலந்து வீச விடாதே. இரண்டும் பிணைந்து கரையாமல் கிடக்கும்.

சாம்பல் சத்து வேறு ரகம். பயிரின் சாற்றில் கரைந்தே ஓடும், தண்டுக்கு உறுதி தரும். குறைந்தால் அடியிலைகளின் நுனியும் ஓரமும் மஞ்சளாகிக் கருகும். யூரியாவை அள்ளிப் போட்டு இதை விட்டால், தையில் ஒரு மழைக்கே கதிர் சாயும். ஏக்கருக்கு 33 கிலோ பொட்டாஷ் உரம் போதும், ஆனால் ஒரேயடியாக வேண்டாம். நடவு, தூர், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் நேரம் என்று நான்காகப் பிரி. மணல் வயலில் இது இன்னும் முக்கியம், தண்ணீரோடு இறங்கிவிடும். மண் பரிசோதனை அட்டை இருந்தால் அதன் அளவே சரி.

பயிர் எடுத்த மணிச்சத்தில் பெரும்பங்கு நெல்லோடு போகும். சாம்பல் சத்தோ வைக்கோலில் தங்கும், டன்னுக்குச் சுமார் 15 கிலோ. முன்பு அது மாட்டுக்குப் போய் எருவாகத் திரும்பியது. இப்போது மிஷின் கட்டிப்போட, லாரி ஏற்றிக்கொண்டு போகிறது. வைக்கோல் விற்ற காசில் பொட்டாஷுக்கு எடுத்து வை.

நெல்லுக்குப் பின் அதே வயலில் வரும் தரிசு உளுந்துக்கு மட்டும் மணிச்சத்தை இலைவழி கொடு. தண்ணீர் நிற்கும்போது இளகிய மணிச்சத்தை, வயல் காய்ந்ததும் மண் மறுபடி இறுக்கிக்கொள்ளும். ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை முதல் நாள் இரவே 20 லிட்டரில் ஊறவை. காலையில் தெளிந்ததை வடிகட்டி 200 லிட்டராக்கி, பூக்கும்போதும் 15 நாள் கழித்தும் மாலையில் அடிக்கச் சொல். அடிக்கசடு சேர்ந்தால் ஸ்பிரேயர் மூக்கு அடைக்கும். அதைத் தென்னை அடியில் கொட்டிவிடு.

அப்பா